ஐப்பசி மழைக்கு நிலாவரை: விதைப்பு, இலைப்பறிப்பு, மருந்து

நிலாவரை பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. இடுப்பளவு வளரும், மஞ்சளாகப் பூக்கும், தட்டையான காய் காய்க்கும். வணிகர்கள் இதைச் சென்னா என்கிறார்கள். சித்த மருத்துவத்தில் நிலவாகை, ஆயுர்வேதத்தில் சுவர்ணபத்ரி, யுனானியில் சனா மக்கி என்று வழங்குகிறது. தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் காட்டில் பலர் இதை அவுரி என்றே சொல்வார்கள். நீலச்சாயம் எடுக்கிற நீலிச் செடிக்கும் அவுரி என்றே பெயர் இருப்பதால், விதை வாங்கும்போது சென்னா விதை என்று தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அரேபியாவின் தென்பகுதியும் சோமாலியாவும் இதன் பிறப்பிடம். சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய ஆயுர்வேத நூல்களில் இதற்கு இடமில்லை. அவற்றில் பேதிக்குச் சொல்லப்படுபவற்றில் முதன்மையானவை சிவதை வேரும், இன்னொரு பயறு குடும்பத்து மரமான சரக்கொன்றையின் காய்ப் புளியும். அரபு மருத்துவர்கள் கையாண்ட நிலாவரை யுனானி வழியாக இந்திய வைத்தியத்துக்குள் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜார்ஜ் ஹியூஸ் என்ற வணிகர் திருநெல்வேலிச் சீமையில் இதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்தார். அதன்பின் உலகச் சந்தையில் ‘திருநெல்வேலி சென்னா’ என்பது தனித் தரமாகவே நிலைத்துவிட்டது. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களிலும் இப்போது பெருமளவில் விளைகிறது. ஆனாலும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்து நிலங்களின் இலைக்கு இன்றும் தனிப் பெயர் உண்டு.

புரட்டாசிக் கடைசியும் ஐப்பசித் தொடக்கமும் மானாவாரி நிலாவரைக்கு விதைப்புக் காலம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைக்கும் இறவைப் பட்டமும் ஒன்று உண்டு. அது கிணற்று நீர் உள்ளவர்களுக்கானது. தூத்துக்குடிப் பகுதியில் ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வந்துவிடும். அந்த மழையில் முளைத்து, நிலத்தில் தங்கிய ஈரத்தில் வளர்ந்து, பனிக்காலத்தில் இலை தருகிற பயிர் இது.

விதைக்கும் நாளை முடிவு செய்யும்போது முதல் மழையை மட்டும் பார்த்தால் போதாது, முதல் இலைப்பறிப்பு எப்போது வரும் என்றும் பார்க்க வேண்டும். விதைத்த 50 முதல் 70 நாளில் முதல் பறிப்புக்கு இலை தயாராகிவிடும். ஆவணிக் கடைசியில் அவசரப்பட்டு விதைத்தால் அந்த நாள் கார்த்திகை அடைமழையில் போய் விழும். பறித்த இலையைக் காயவைக்க வெயிலும் இருக்காது, காற்றும் இருக்காது. இலை கறுத்துவிட்டால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். அக்டோபர் நடுவில் விதைத்தால் முதல் பறிப்பு டிசம்பர் நடுவிலும், இரண்டாவது பொங்கலை ஒட்டியும், மூன்றாவது மாசி மாதத்திலும் வரும். மூன்றில் கடைசி இரண்டுக்காவது வறண்ட காற்று உறுதி. மார்கழி பிறந்ததும் மழை போய்விட்டது என்று நம்பிவிடவும் முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைத் தென்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே பறிப்புக்கு நாள் குறிப்பதற்கு முன் வானிலை அறிவிப்பைப் பார்ப்பதும், கூரையுள்ள இடத்தை முன்கூட்டியே ஒழித்து வைப்பதும் இந்தப் பயிரின் வேலைகளில் சேர்ந்தவை.

நிலத்தைப் பொறுத்தவரை நிலாவரை அதிகம் கேட்பதில்லை. செவல், கரிசல், வண்டல் மூன்றிலும் வரும். ஓரளவு உப்பையும், 8.5 வரையிலான கார அமிலத்தன்மையையும் தாங்கும். தாங்காதது ஒன்றே ஒன்று: தேங்கும் நீர். இரண்டு நாள் வேரில் தண்ணீர் நின்றால் செடி மஞ்சளித்துச் செத்துப்போகும். கரிசலில் விதைப்பவர்கள் சரிவின் போக்கில் வடிகால் வெட்டிய பிறகே விதையைக் கையில் எடுக்க வேண்டும். தாழ்ந்த ஓடைப்புறத்தை இந்தப் பருவத்தில் விட்டுவிடுவது நல்லது.

கடைசி உழவில் ஏக்கருக்கு நான்கு டன் அளவுக்கு மட்கிய தொழுவுரம் இடலாம். பயறுச் செடிதானே, உளுந்தைப் போலக் காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நிலாவரைக்கு அது பொருந்தாது. இதன் வேரில் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் முடிச்சுகள் உருவாவதில்லை. ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்து விதைப்பதால் பயனில்லை, அடுத்த பயிருக்கு இது உரம் விட்டுச் செல்லும் என்று எதிர்பார்ப்பதிலும் பயனில்லை. மண் பரிசோதனை சொல்லும் அளவுக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகளை அடியுரமாக இட்டு, தழைச்சத்தில் ஒரு பங்கை நாற்பதாம் நாள் ஈரம் இருக்கும்போது மேலுரமாகக் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு ஏற்ற ரகம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1. குஜராத்தின் ஆனந்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏ.எல்.எஃப்.டி. 2 தாமதமாகப் பூக்கும் ரகம். பூப்பது தள்ளிப்போகும் அளவுக்கு இலை கூடுதலாகக் கிடைக்கும். வரிசையில் ஊன்றினால் ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதையும், மானாவாரியில் கைவிதைப்பாகத் தூவினால் 10 கிலோவும் ஆகும். வரிசைக்கு வரிசை 45, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி போதும். தூவுவதைவிட வரிசை விதைப்பே சிறந்தது. மூன்று முறை ஆள் இறங்கிப் பறிக்க வேண்டிய வயலில் நடக்க வழி இருந்தாக வேண்டும்.

விதையின் தோல் கெட்டியானது. சொரசொரப்பான மணலோடு சேர்த்து லேசாகத் தேய்த்துக்கொண்டால் முளைப்பு ஒரே சீராக வரும். இரவு முழுக்க நீரில் ஊறவைத்து விதைக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் மண்ணில் நல்ல ஈரம் நிற்கும்போதுதான் ஊறிய விதையை இட வேண்டும். மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைப்பவர்கள் ஊறவைக்கக் கூடாது. முளை கட்டத் தொடங்கிய விதை காய்ந்த மண்ணில் வெந்துவிடும். நாற்றழுகலையும் வேரழுகலையும் தடுக்கக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். விதை ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது.

முளைத்த முதல் மாதம் செடி மிக மெதுவாக வளரும், களையோ மழைக்கு எழும்பிவிடும். 25 முதல் 30 நாளுக்குள் ஒரு களை எடுத்து, நெருக்கமாக முளைத்தவற்றைக் கலைத்துவிட வேண்டும். முதல் பறிப்பு முடிந்ததும் 75 முதல் 80ஆம் நாள் வாக்கில் இன்னொரு களை. இந்த இரண்டையும் தவறாமல் செய்தால் பிறகு செடியே நிலத்தை மூடிக்கொள்ளும். ஆடு மாடுகள் இந்தச் செடியில் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை என்பதால் வேலிச் செலவும் காவலும் மிச்சம். கரிசல் காட்டில் இது நீடித்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூச்சிகளில் முதன்மையானது இலையைத் தின்னும் பச்சைப் புழு. வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகள் வயலில் தாழப் பறக்கத் தொடங்கினால் ஒரு வாரத்தில் புழுவை எதிர்பார்க்கலாம். இலையே விளைபொருளாகவும், அந்த இலை நேராக மனிதர் வயிற்றுக்குள் போகும் மருந்தாகவும் இருப்பதால் இங்கே ரசாயனப் பூச்சிமருந்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. எஞ்சு நச்சு தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு முழுவதும் திருப்பி அனுப்பப்படும். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து வடித்தது, மாலை நேரத்தில் தெளிக்கப் போதுமானது. அதையும் பறிப்புக்குப் பத்து நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். காய்ப்புழு விதைக்கென விட்ட செடிகளில்தான் தொல்லை தரும்.

பறிப்புதான் இந்தப் பயிரில் லாபத்தை முடிவு செய்யும் கட்டம். இலை தடித்து, பச்சையில் லேசான நீலம் ஏறியிருக்கும் நேரமே முதல் பறிப்புக்கு உரியது. மருந்துச் சத்தான சென்னோசைடுகள் இளம் இலையிலும் பூப்பதற்கு முந்தைய இலையிலும் செறிந்திருக்கும். செடி காய்ப்பில் இறங்கிவிட்டால் இலையின் சத்தும் குறையும், எடையும் குறையும். ஆகவே 45ஆம் நாளிலிருந்து தலைகாட்டும் முதல் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளை வெடிக்கும், இலை பெருகும். பலர் கூலிக்கு அஞ்சி இதைச் செய்வதில்லை. அந்தக் கூலியை இரண்டாம் பறிப்பில் கூடும் இலையே பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

பனி ஈரம் உலர்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்கு மேல் பறிப்பைத் தொடங்குவது நல்லது. முதிர்ந்த இலைகளை மட்டும் உருவி, நுனிக்குருத்தை விட்டுவிட வேண்டும். 90 முதல் 100 நாளில் இரண்டாவது பறிப்பு, 130 முதல் 150 நாளில் மூன்றாவது. மூன்றாவதில் செடியையே பிடுங்கிக் காயவைத்து, இலையையும் காயையும் தட்டி உதிர்த்துக்கொள்ளலாம். காய்களுக்கும் தனி விலை உண்டு. முற்றிப் பழுப்பேறுவதற்கு முன், பச்சை வெளிறும் பருவத்தில் எடுத்த காயே மருந்துக்கு உகந்தது. அடுத்த பட்டத்து விதைக்கு மட்டும் சில வரிசைகளைப் பறிக்காமல் விட்டு முற்றவைக்க வேண்டும்.

பறித்த இலையை ஒரு மணி நேரம்கூடக் குவியலாக வைக்கக் கூடாது. குவித்தால் சூடேறி உள்ளே கறுக்கும். காற்றோட்டமுள்ள கூரைக்கடியில், தார்ப்பாய் மேலோ மூங்கில் தட்டியிலோ மெல்லப் பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை கிளறிவிட வேண்டும். வெறும் மண்களத்தில் பரப்பினால் மணலும் தூசும் சேர்ந்துவிடும், வாங்குபவர் கழிவு பிடிப்பார். நேர்வெயிலில் வேகமாகக் காய்ந்தாலும் நிறம் வெளுத்துவிடும். நிழலில் ஒரு வாரம் முதல் பத்து நாளில் இலை காய்ந்து மஞ்சள் கலந்த பச்சையாக நிற்கும். கையில் நொறுங்கும் அந்த நிலையில் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். அதற்கு முன் சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்த இலையைப் புடைத்து மூட்டை கட்டுபவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொள்ள வேண்டும். நிலாவரைத் தூசு தொடர்ந்து மூச்சில் போனால் ஒவ்வாமையும் இழுப்பும் வரக்கூடும் என்பது மருந்துத் தொழிற்சாலைகளில் கண்டறியப்பட்ட உண்மை.

நல்ல பருவத்தில் மானாவாரியாக ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ காய்ந்த இலையும், இறவையில் 600 முதல் 800 கிலோ வரையும் கிடைக்கலாம். இதற்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பெரிய ஏலமும் கிடையாது. வணிகர் சொன்னதே விலை. எனவே விதை தூவுவதற்கு முன்பே வாங்குபவரிடம் தரம், ஈரப்பதம், எடைக்கழிவு ஆகியவற்றை எழுத்தில் பேசி முடித்துக்கொள்வது அவசியம். பக்கத்துக் காட்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரே தரத்தில் மூட்டை கட்டிக் கொடுத்தால் பேரத்துக்கு வலு கூடும்.

இலையை வாங்குபவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலாவரையோடு ஆவாரை இலையைக் கலக்கும் வழக்கம் வெகுநாளாக இருக்கிறது. இரண்டும் நெருங்கிய உறவுள்ள செடிகள், காய்ந்தபின் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். ஆவாரைக்கு வேறு மருத்துவக் குணங்கள் உண்டு, பேதியாக்கும் சென்னோசைடு அதில் இல்லை. நிலாவரை இலை ஈட்டி முனைபோல் கூர்ந்திருக்கும். அடிப்பகுதியில் நடு நரம்பின் இரு பக்கமும் சமமாக இராது. ஆவாரை இலையின் நுனி மழுங்கி வட்டமாக இருக்கும். பொடியாக வாங்கினால் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. முழு இலையாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

நிலாவரையின் மருந்துப் பயன் முதன்மையாக ஒன்றே: மலச்சிக்கலைத் தீர்ப்பது. சென்னோசைடுகளை 1941இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தனர். இவை இரைப்பையிலும் சிறுகுடலிலும் எதுவும் செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தபின் அங்குள்ள நுண்ணுயிர்கள் இவற்றைச் சிதைக்கின்றன. அப்போது உண்டாகும் பொருளே குடல் தசையை அசைத்து, நீர் உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது. இரவு படுக்கப்போகும் முன் எடுத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். இரண்டு மணி நேரத்தில் பலன் தெரியவில்லையே என்று அடுத்த வேளையையும் விழுங்குபவர்கள் மறுநாள் முழுக்க அவதிப்படுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இடம்பெற்றுள்ளது. கடும் வலிக்கு மார்ஃபின் வகை மருந்து எடுப்பவர்களின் மலச்சிக்கலுக்கு மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள்.

ஆயுர்வேதத்தின் பஞ்சசகாரச் சூரணத்தில் நிலாவரையோடு சுக்கு, கடுக்காய், சோம்பு வகை, இந்துப்பு ஆகியவை சேர்கின்றன. சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணத்தில் சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம் ஆகியவற்றோடு சர்க்கரை சேர்கிறது. சுக்கும் ஓமமும் வெறும் வாசனைக்காகச் சேர்ந்தவை அல்ல. நிலாவரையைத் தனியாக எடுத்தால் அடிவயிறு முறுக்கி வலிக்கும். அந்த முறுக்கைத் தணிக்கவே இவை கூட்டப்பட்டன. இலையைக் கொதிக்கவைப்பதற்குப் பதிலாக இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடித்துக் குடித்தாலும் வலி குறையும். முறுக்கலை உண்டாக்கும் பிசின் வெந்நீரில்தான் அதிகம் இறங்குகிறது. காய் இலையைவிட மென்மையாக வேலை செய்யும்.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு அரை கிராம் முதல் 2 கிராம் வரையிலான இலைப்பொடி ஆயுர்வேத மருந்தியல் நூல் வகுத்த அளவு. குறைந்த அளவில் தொடங்குவதே முறை. எடுத்த மறுநாள் சிறுநீர் மஞ்சளாகவோ சிவந்தோ போகலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஐப்பசி மழைப் பருவத்தில் நிலாவரையின் தேவை கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் தாகம் தெரியாமல் தண்ணீர் குடிப்பது குறைகிறது. தீபாவளியை ஒட்டி நெய்யும் மாவும் எண்ணெயும் வயிற்றில் ஏறுகின்றன. ஆனாலும் முதலில் கையாள வேண்டியவை வெந்நீர், கீரை, கொய்யா, வாழைத்தண்டு, காலை நடை ஆகியவைதான். இரண்டு மூன்று நாள் இவற்றுக்கும் வயிறு இணங்காதபோதே நிலாவரை. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பரவுகிற மாதங்களும் இவையே. வாந்தி, காரணம் தெரியாத வயிற்றுவலி, குடலடைப்பு, குடல்வால் அழற்சி, குடல்புண் நோய்கள், உடலில் நீர் வற்றிய நிலை ஆகியவற்றில் நிலாவரையைத் தொடவே கூடாது. கருவுற்ற பெண்களும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களும், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அடிக்கடி பேதியானால் உடலின் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்.

‘உடல் மெலியும் தேநீர்’, ‘குடலைச் சுத்தம் செய்யும் பானம்’ என்று விற்கப்படும் பொட்டலங்கள் பலவற்றில் இருப்பது இந்த இலைதான். அதில் குறைவது கொழுப்பன்று, உடலின் நீர். மாதக்கணக்கில் குடித்தால் பெருங்குடலின் உட்சுவர் கறுத்துவிடக்கூடும். மருந்து இல்லாமல் குடல் அசையாத நிலையும் சிலருக்கு வந்துவிடும். வாங்குவதற்கு முன் உட்பொருள் பட்டியலில் சென்னா, சனா, சுவர்ணபத்ரி என்ற பெயர்களில் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிலாவரையைத் தொடர்ச்சியாக ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. அதற்குள் மலச்சிக்கல் தீராவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.